தோண்டினால் தீரும் கிழங்கு

மலையும் பட்டியலும் – 11

கற்றாழையைக் காப்பாற்ற வேண்டும் என்று தருமபுரியில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நிலைப்படிக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால், மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கிற செடி அது. பிடுங்கி வேலியோரம் எறிந்தாலும் விழுந்த இடத்தில் வேர்விடும். பக்கக்கன்று தள்ளித் தள்ளிப் பாத்தியை நிறைக்கும்.

உலகமும் அப்படித்தான் கணக்கிட்டிருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975-ல் நடைமுறைக்கு வந்தது. கற்றாழைப் பேரினத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரேபியா என்று பரந்து கிடக்கும் அந்தக் குடும்பம் முழுவதையும் உடன்படிக்கை தன் பட்டியல்களில் சேர்த்துக்கொண்டு, ஒன்றே ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தது. அது நம் வாசலில் தொங்கும் சோற்றுக்கற்றாழை. தோட்டத்திலும் வயலிலும் இவ்வளவு வளர்க்கப்படும் செடிக்காக யாரும் மலையேறிக் கடப்பாரை போடப் போவதில்லை என்பதே காரணம்.

அதே குடும்பத்தில் இன்னொன்று வேறு தலைவிதியோடு பிறந்தது. தென்னாப்பிரிக்கா நாலாபுறமும் சூழ்ந்திருக்கும் மலைநாடு லெசோத்தோ. அங்கே இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, பனி பெய்யும் எரிமலைப்பாறைச் சரிவுகளில் சுருள் கற்றாழை வளர்கிறது. அதன் இலைகள் ஐந்து வரிசையாகச் சுழன்று அடுக்கியிருக்கும். ஒரு செடி வலஞ்சுழி என்றால் பக்கத்துச் செடி இடஞ்சுழியாக இருக்கலாம். அந்த அழகே அதற்கு வினையாயிற்று. 1934-ல் அறிவியல் பெயர் கிடைத்தது. நான்கே ஆண்டில், 1938-ல், சட்டப் பாதுகாப்பும் கொடுக்க வேண்டிவந்தது. அப்படியும் பிடுங்குவது நிற்கவில்லை. சாலையோரத்தில் வாங்கிப் போனவர்களின் தோட்டத்தில், வேர் அறுந்த செடி பெரும்பாலும் பட்டுப்போனது. சைட்டிஸ் அதைத் தன் முதல் பட்டியலில் வைத்து, காட்டுச் செடியின் வணிகத்தைத் தடை செய்தது. பிறகு விதையிலிருந்தும் திசு வளர்ப்பிலும் உருவான கன்றுகள் வெளிநாட்டு நாற்றங்கால்களில் விற்பனைக்கு வந்தன. ஆசைப்பட்டவர்களுக்கு மலைக்குப் போகாமலே செடி கிடைக்க ஒரு வழி பிறந்தது.

சென்ற வாரம் சந்தன மரத்தைப் பார்த்தோம். இந்த வாரம் லெசோத்தோவிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. தருமபுரி மலைகளுக்கென்று அரிய கற்றாழை கிடையாது. அங்கே கற்றாழை என்று கைகாட்டப்படுவது பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்து வேலியேறிய ஆனைக்கற்றாழை, அல்லது பாறையடியில் கத்திபோல் நிற்கும் மருள். ஆனால் சுருள் கற்றாழை இருக்கும் அதே இக்கட்டில் இந்த மலைகளில் ஒரு கொடி இருக்கிறது. அதை நாம் கொடியாகப் பார்ப்பதில்லை. ஊறுகாய் ஜாடியில்தான் பார்க்கிறோம். மாகாளி.

மாகாளிக் கிழங்கு ஊறுகாய் ஒரு வீட்டுக்குள் வந்தால் வீடே இரண்டு கட்சியாகும். "மூட்டைப்பூச்சி நாத்தம்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் ஒரு கட்சி. மோர்சாதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்கிறவர்கள் மறு கட்சி. கிழங்கை அரிசி கழுவிய நீரில் ஊறவைத்து, மண் போகத் தேய்த்து, தோல் சீவி, நடுவிலுள்ள கட்டை நரம்பை எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்குவார்கள். கடைந்த தயிர், எலுமிச்சைச் சாறு, கடுகுப்பொடி, மிளகாய், மஞ்சள், உப்பு சேர்த்து ஊறவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

அந்த வாசனைக்குக் காரணமான வேதிப்பொருள் வெனிலாவின் மணத்தைத் தரும் வெனிலினுக்கு உடன்பிறப்பு. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அவை அமர்ந்திருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. கிழங்கின் நறுமண எண்ணெயில் பெரும்பகுதி அதுதான். நுண்ணுயிர்களையும் தானியப் பூச்சிகளையும் அது அண்டவிடுவதில்லை என்று மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள் 1999-ல் காட்டின. ஜாடியில் ஊறுகாய் கெடாமல் இருப்பதில் உப்புக்குத் துணை உண்டு என்று தெரிகிறது.

ஊறுகாய் சாப்பிடாதவர்களும் மாகாளியைக் குடித்திருப்பார்கள். நன்னாரி என்பது கம்பிபோல் மெலிந்த வேருடைய சிறு கொடி. அதைத் தோண்டிச் சேர்ப்பது பெரும்பாடு. மாகாளியின் வேரோ விரலாகப் பருத்துச் சதைப்பற்றோடு, ஏறக்குறைய அதே மணத்தோடு இருக்கிறது. எனவே சந்தையில் நன்னாரி என்று எடை போடப்படுவதில் மாகாளியும் கலந்திருக்கிறது. பெருநன்னாரி என்றே அதற்கு ஒரு பெயரும் உண்டு. ராயலசீமையின் புகழ்பெற்ற நன்னாரி சர்பத்துக்கு முக்கியமான மூலப்பொருள் இந்த வேர்தான். மருந்து செய்வோரும் நன்னாரிக்கு மாற்றாக இதைச் சேர்க்கிறார்கள். ஒரு செடிமீது இப்படி மூன்று பக்கத்திலிருந்து கை நீள்கிறது.

செடியைப் பார்ப்போம். ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட் என்ற இரண்டு ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர்கள் 1834-ல் இதற்கு டெக்கலெப்பிஸ் ஹாமில்டோனி என்று பெயரிட்டார்கள். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட இலையுதிர் காடுகளில், பாறை இடுக்குகளில் வேரை இறக்கி, பக்கத்துப் புதர்மேல் படரும். கிள்ளினால் பால் வரும். காய்கள் இரட்டையாகக் காய்த்து வெடிக்கும். பட்டுப்போன்ற மயிர்க்குச்சம் கட்டிய விதைகள் காற்றில் போகும். ஆனால் பூத்ததெல்லாம் காயாவதில்லை. விதையெல்லாம் முளைப்பதும் இல்லை. ஒரு நாற்று பாறைக்கிடையில் பிழைத்துக் கிழங்கு கட்டுவதற்குப் பல மழைக்காலம் பிடிக்கும்.

தருமபுரி மாவட்டம் இதற்கு ஏற்ற நிலம். மேற்கே பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக் காடுகள், தெற்கே வத்தல்மலை, கிழக்கே அரூரிலிருந்து ஏறும் சித்தேரி மலை. எல்லாம் வறட்சியைப் பழகிய பாறை மலைகள். சித்தேரியில் மலையாளிப் பழங்குடியினர், காவிரிக் கரைக் காடுகளில் இருளர். புளி, கடுக்காய், தேன், சீயக்காய் என்று பருவத்துக்கொரு பொருளைக் காடு தருகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்தபின்னும் மரம் நிற்கும். அடுத்த ஆண்டு மறுபடி காய்க்கும். மாகாளி அந்த வகை அல்ல. கடப்பாரையால் பாறையைப் புரட்டி, கிழங்குகளை மொத்தமாக இழுத்தெடுக்கிறபோது கொடியும் போய்விடுகிறது. பூக்கும் வயதிலிருக்கும் பெரிய கொடியில்தான் பருத்த கிழங்கு இருக்கும். எனவே முதலில் போவது விதை கொடுக்கும் தாய்க்கொடி.

இந்த இடத்தில்தான் சிவப்புப் பட்டியல் வருகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அந்தப் பட்டியலில் மாகாளி ஆபத்துக்குள்ளான இனம். அதற்கு முன்பே, 1990களில், பெங்களூரைச் சேர்ந்த எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்ற மருத்துவ மரபு நிறுவனம் தாவரவியலாளர்கள், வனத்துறையினர், காட்டை அறிந்தவர்கள் ஆகியோரை உட்காரவைத்துத் தென்னிந்திய மூலிகைகளை ஒவ்வொன்றாக மதிப்பிட்டது. அந்தச் சுற்றிலும் மாகாளி ஆபத்துக்குள்ளான வரிசையிலேயே நின்றது. அதன் நெருங்கிய உறவுகள் இரண்டும் இதைவிட மோசமான நிலையில் இருக்கின்றன. அகத்தியமலையில் காணிப் பழங்குடியினர் அறிந்த அமிர்தபாலையும், ஆனைமலைப் பக்கத்து மாகாளி இனமும் அடுத்த கட்டமான மிக மோசமான ஆபத்தில் இருப்பவை. அமிர்தபாலையை முதலில் வகைப்படுத்தியவர்கள், தாவரவியலாளர் ஜானகி அம்மாள் நினைவாக அதன் பேரினத்துக்கு ஜானகியா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இதை மலையில் கிழங்கு எடுப்பவரிடம் சொன்னால், "காட்டுல இன்னும் கெடக்குதுங்க" என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. பட்டியல் சொல்வதும் பொய்யல்ல. மிச்சம் எத்தனை என்று அவர் பார்க்கிறார். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பட்டியல் பார்க்கிறது. பத்து ஆண்டு, அல்லது அந்த உயிரினத்தின் மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 30 விழுக்காடு குறைந்தால் பாதிப்புக்குள்ளாகக்கூடியது. 50 என்றால் ஆபத்துக்குள்ளானது. 80 என்றால் மிக மோசமான ஆபத்து. வேறு அளவுகோல்களும் உண்டு என்றாலும், தோண்டி விற்கப்படும் செடிக்கு முக்கியமானது இதுதான். ஆயிரக்கணக்கில் கொடி மிச்சமிருக்கும்போதே ஓர் இனம் ஆபத்துக்குள்ளானதாக இருக்க முடியும். எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தேய்ந்தபிறகு விழித்துக்கொண்டால், விதை கொடுக்கத் தாய்க்கொடி இருக்காது. அதற்காகத்தான் அளவுகோலை முன்கூட்டியே அடிக்கும் மணியாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மணி அடிப்பதோடு பட்டியலின் வேலை முடிந்துவிடுகிறது. சிவப்புப் பட்டியல் ஓர் அறிவியல் மதிப்பீடு. யாரையும் அது கட்டுப்படுத்தாது. சட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தாவரங்களுக்கென்று தனி அத்தியாயம் 1991-ல்தான் சேர்ந்தது. அப்போது அட்டவணையில் ஏறியவை ஆறே வகை: ஆந்திரத்தின் ஈந்துப்பனை இனமொன்று, மேகாலயத்தின் பூச்சியுண்ணும் குடுவைச்செடி, இமயமலையின் கோஷ்டம், மூன்று வகை ஆர்க்கிடுகள். மாகாளி அதில் இல்லை. 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 38-ம் பிரிவு, அழியும் நிலையிலுள்ள இனங்களை அறிவித்து அவற்றைச் சேகரிப்பதைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அறிவிப்பில் ஒரு பெயர் ஏறுவதற்கும் மலைச்சரிவில் கடப்பாரை ஓய்வதற்கும் இடையே தூரம் அதிகம்.

நிலத்தைக் காத்தால் செடியும் தப்பும் என்பது இன்னொரு வழி. காவிரி வடக்கு சரணாலயம் 2014-ல் வந்தது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காப்புக்காடுகளைச் சேர்த்து 686 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி தெற்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானைக்கும் ஆற்றோரத்துக்கும் இது பெரிய நன்மை. பாறைச் சரிவை கிரானைட் குவாரியிலிருந்தும் காக்கும். ஆனால் சித்தேரி இந்த எல்லைக்குள் இல்லை. எல்லைக்குள் இருக்கும் காட்டிலும் ஒரு வனக்காப்பாளர் நடந்து பார்க்க வேண்டிய பரப்போ பெரிது. மாகாளி எடுப்பவருக்கு வேண்டியதோ ஒரு கடப்பாரையும் ஒரு கோணிப்பையும்தான். யானைத்தந்தம்போல் அகப்பட்டால் அடையாளம் தெரிகிற பொருளும் அல்ல. மலையிறங்கி மண்டிக்குப் போன பிறகு அது வெறும் வேர் மூட்டை.

காவலைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். இந்த மலையில் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சித்தேரி மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ல், கடத்தல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் சூறையாடப்பட்டது, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதே செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஒரு மரத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு நடந்தது அது. சந்தனத்தையும் அது மீட்டுத்தரவில்லை. சிவப்புப் பட்டியலில் சந்தனம் இன்றும் பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனமாகவே இருக்கிறது. அந்த நினைவு வாழும் ஊர்களில், இன்னொரு செடியின் பெயரைச் சொல்லிக்கொண்டு சீருடை வந்து நின்றால் மக்கள் கதவைச் சாத்துவார்கள். கொடி எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்களும் அவர்கள்தான்.

ஆகவே தோண்டுவதை யார் ஒழுங்குபடுத்துவது என்பதே மாகாளியின் முதன்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இதற்கு விடை புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் என்று வரையறுப்பவற்றில் மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் சேர்ந்திருக்கின்றன. அவற்றைச் சேகரித்து விற்கும் உரிமை வனவாழ் மக்களுக்கு உண்டு. அதே சட்டத்தின் 5-ம் பிரிவு, காட்டையும் பல்லுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபையின் கையில் கொடுக்கிறது. எந்தச் சரிவில் இந்த ஆண்டு எடுக்கலாம், எதைச் சில ஆண்டுகள் விட்டுவைக்கலாம் என்று முடிவெடுக்கவும், வெளியிலிருந்து வரும் கூலிக்கும்பலைத் தடுக்கவும் அந்தப் பிரிவு போதுமானது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் இந்தச் சட்டத்தின் கீழ் பட்டா வழங்குவது நெடுநாள் முடங்கிக் கிடந்தது. 2016-க்குப் பிறகுதான் நகரத் தொடங்கியது. தனிநபர் பட்டாவைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு, வனப்பொருள்மீது ஊருக்குள்ள சமூக உரிமை இன்னும் பேசப்படவில்லை.

உரிமை கையில் இல்லாதவர் எப்படித் தோண்டுவார் என்று எண்ணிப் பாருங்கள். இன்று நான் விட்டுவைத்தால் நாளை வேறொருவர் எடுத்துவிடுவார். பிடிபட்டால் மூட்டையும் போகும், வழக்கும் வரும். அப்போது ஒரே வீச்சில் முழுக்க எடுத்துக்கொண்டு இறங்குவதே புத்திசாலித்தனம். அந்த அவசரத்தில் தரகர் சொல்வதுதான் விலை. சரிவு நமது, அடுத்த முறையும் நாமே வருவோம் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு வேறு கணக்கு உண்டு. கிழங்குகளில் பருத்த சிலவற்றை மட்டும் அறுத்தெடுத்து, கொடியின் அடிக்கட்டையையும் மிச்சக் கிழங்கையும் மண்ணோடு விட்டு மூடிவிடலாம். காய் வெடித்து விதை பறந்தபிறகு எடுக்கலாம். விரலளவுகூட இல்லாத கிழங்கைத் தொடாமல் விடலாம்.

வளர்த்துவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மைசூர் உணவுத் தொழில்நுட்ப நிலையத்தின் ஆய்வாளர்கள் மாகாளியைத் திசு வளர்ப்பில் பெருக்கிக் காட்டினார்கள். விதையிலிருந்து நாற்றங்காலில் வளர்க்கவும் முடியும். ஆனால் சோற்றுக்கற்றாழையின் வழி மாகாளிக்கு அப்படியே பொருந்தாது. கற்றாழையில் இலையை அறுத்தால் செடி மறுபடி இலை விடும். நட்டவருக்குக் காசு சீக்கிரம் திரும்பும். மாகாளியில் விற்பனைப் பொருளே வேர். அது திரள ஆண்டுகள் ஆகும். தண்ணீர், காவல், நிலம் என்று செலவு செய்து காத்திருந்து அறுவடை செய்பவர், தோண்டிய கூலி மட்டுமே செலவான காட்டுக்கிழங்கோடு சந்தையில் மோத வேண்டும். காட்டுக்கிழங்கு தாராளமாகக் கிடைக்கும்வரை தோட்டக்கிழங்கு தோற்கும். காடு ஒழிந்தபிறகுதான் தோட்டம் லாபம் தரும் என்றால், அந்த லாபத்தால் காட்டுக்கு என்ன பயன்? காட்டில் எடுப்பதற்கு ஒரு வரம்பு விழுந்தால்தான் வளர்ப்பதற்கும் ஒரு விலை பிறக்கும். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும்.

வளர்ப்பது யார் என்பதிலும் நீதி இருக்கிறது. சமவெளியில் சொட்டுநீர் போட்டவர் மொத்தமாக வளர்த்து விற்றால், கொடியை இதுவரை அறிந்து வைத்திருந்த மலைக்காரருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. சாமையும் தினையும் விளையும் மலைக்காட்டின் கல்வரப்புகள் மாகாளிக்கு இயல்பான இடம். வரப்பில் ஊன்றியது வேர் திரளும்வரை வயலில் வழக்கமான பயிர் நடக்கும். நாற்றை வனத்துறை கொடுக்கலாம். கிழங்கை மலைவாழ் மக்களின் லேம்ப் கூட்டுறவுச் சங்கம் வாங்கலாம். பல்லுயிர்ச் சட்டம் ஊராட்சிதோறும் வைக்கச் சொல்லும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில், எந்தச் சரிவில் எத்தனை கொடி என்பதை ஊரே எழுதி வைக்கலாம். அப்போது காட்டுக்கிழங்கு எவ்வளவு, தோட்டக்கிழங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு சான்று இருக்கும்.

சமவெளியில் இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. நன்னாரி என்று எழுதிய பாட்டிலில் இருப்பது நன்னாரியா மாகாளியா என்று பெரும்பாலும் லேபிள் சொல்வதில்லை. பெயர் மறைந்திருக்கும்வரை, ஓர் ஆண்டில் எத்தனை டன் மாகாளி மலையிறங்குகிறது என்ற கணக்கும் மறைந்தே இருக்கும். சர்பத், ஊறுகாய், மருந்து தயாரிப்பவர்கள் எந்த வேரை, எங்கிருந்து வாங்கினோம் என்று அச்சிட வேண்டும் என்ற ஒரு விதி போதும். மண்டியில் வெறும் வேர் மூட்டையாக இருப்பதற்கு ஒரு முகவரி வந்துவிடும். மாகாளி சாப்பிடுவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. விலை போகாத கொடியை வரப்பில் நட யாருக்கும் மனம் வராது. கிழங்குக்குக் கூடுதலாகக் கொடுக்க ஆயத்தமாக இருங்கள். அது எந்த ஊர் மலையில், யார் கையால் வந்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் தரகரைக் கேட்பார். தரகர் மலைக்காரரைக் கேட்டாக வேண்டும்.

(அடுத்த வாரம்: ஆண்டுக்கு ஒருமுறை ஏலம் போகும் புளியமரங்கள் – மரம் சாலையோரத்தில், கணக்கு யாரிடம்?)